டன்லியின் ‘மூன்றாம் நாள்’

1

பெரம்பலூரிலிருந்து ஒரு ஏர்மெயில் வந்தது. அங்கே சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் எழுதியிருந்தார். ஐரிஷ் இசையமைப்பாளர் ஃபெர்கஸ் டன்லி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. டப்ளினில் அவரிடம் பத்து வருஷம் வேலை பார்த்த ஒரே தமிழன் நீங்கள். அவருடைய பேர்போன படைப்பு நம்ம அரியலூர் மண்ணில் உருவானது என்று கேள்விப்பட்டோம். வாசகர்கள் பெருமைப்படும்படி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று. ‘பெருமைப்படும்படி’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

பதில் எழுதாமல் கடிதத்தை ரேடியோவுக்குப் பின்னால் சொருகி வைத்தேன். அதே வாரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். மலர்க்கொடி என்று பெயர் வைத்தோம். இங்கே டீச்சர்களுக்கு வாயில் நுழையவில்லை, மாலி ஆகிவிட்டாள். பதின்மூன்று வயது.

“டாடி, டன்லியோட நினைவு நாளுக்கு எங்க ஸ்கூல்ல ‘மூன்றாம் நாள்’ வாசிக்கப் போறோம். டேப்புல வர்ற அந்த அம்மாவோட குரலுக்குப் பதிலா நான் பாடறேன். தமிழ்ப் பொண்ணு நான் ஒருத்திதானே. நீங்க உச்சரிப்பு சொல்லிக் குடுக்கணும்.”

இதை இங்கிலீஷில்தான் சொன்னாள். அவள் பேசுவதையெல்லாம் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். சாப்பாடு, தூக்கம், திட்டு, இந்த மூன்றுக்கு வேண்டிய தமிழ்தான் அவளுக்குத் தெரியும்.

அடுப்படியில் என் மனைவி வளர்மதி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அதனால் எழுதுகிறேன். நண்பர் கேட்ட மாதிரி வராது.

2

டன்லி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் மழையும் பாறையுமாகக் கிடக்கும் ஒரு சின்ன டவுனில், துணிக்கடைக்காரர் மகன். ஏழு வயதில் தாயை இழந்தவர். அந்தப் பக்கத்திலும் ஒரு காலத்தில், நம்ம ஊர் மாதிரியே, செத்த வீட்டில் பெண்கள் ராகம் போட்டு அழுதிருக்கிறார்கள். பாதிரிமார்கள் அது அநாகரிகம் என்று நிறுத்திவிட்டார்கள். தாயின் பெட்டியைச் சுற்றி எல்லாரும் வாய்க்குள் ஜெபம் சொன்னார்களாம். வாய்விட்டு அழுத பையனை அப்பா துணிக் கிடங்குக்குள் விட்டுப் பூட்டியிருக்கிறார். “எங்கம்மாவுக்கு யாருமே அழவில்லை” என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அதை மட்டும் அவர் குரல் தாழ்த்திச் சொல்வார்.

பிறகு லண்டனில் படிப்பு. பியானோவுக்குச் சின்னச் சின்ன உருப்படிகள். நாலு தந்தி வாத்தியங்களுக்கு இரண்டு படைப்புகள். இரண்டாவதை இன்றும் வாசிக்கிறார்கள். கோயிலில் பாட ஒரு பூசைப் பாடல் தொகுதி. கடலில் முங்கிப்போன மீனவனைப் பற்றி ஒரு இசை நாடகம், அதை மூன்றாவது ஆட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள். மனைவி விட்டுப் போனாள். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் ஒரு வரிகூட எழுதவில்லை. கல்லூரியில் பாடம் நடத்தினார். மாணவர்களை அழவிடுவதில் பேர்போனவர் என்று பின்னாளில் அவருடைய மாணவர் ஒருவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அப்படி வறண்டு கிடந்த நேரத்தில்தான் தங்கையைப் பார்க்க இந்தியா வந்தார். எமர்ஜென்சி வருவதற்கு முந்தின மார்கழி.

3

தங்கை கன்னியாஸ்திரி. அரியலூருக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் டிஸ்பென்சரி நடத்தினார். நாங்கள் மதர் என்போம். நான் அங்கே கம்பவுண்டர். மருந்து கலப்பது, ரிஜிஸ்டர் எழுதுவது, மதருக்கு மொழிபெயர்ப்பது எல்லாம் நான்தான். எங்கள் அப்பா மருதை அடுத்தவன் காட்டில் ஏர் ஓட்டியே செத்துப்போனவர். என்னை மதர்தான் படிக்க வைத்தார். எனக்கு ஒரே அக்கா, பாக்கியம். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். அவள் புருஷன் கலியபெருமாள் சுரங்கத்தில் கல் உடைக்கப் போவார். பிள்ளை இல்லை.

டன்லியை ஊர் சுற்றிக் காட்டும் வேலை எனக்கு வந்தது. ரஞ்சன்குடி கோட்டைக்குக் கூட்டிப் போனேன். மேலே ஏறி நின்று, கோட்டையைப் பார்க்காமல், “இங்கே யாராவது செத்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போ” என்றார். இங்கிலீஷை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்து மறுபடி கேட்டேன். அதையே சொன்னார்.

இறங்கும்போது இன்னொன்றும் சொன்னார். “உன் கையெழுத்து நன்றாயிருக்கிறது. ரிஜிஸ்டரில் பார்த்தேன். டப்ளினில் என் இசையைப் படியெடுக்க ஒரு ஆள் வேண்டும்.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், மகளுக்கு எட்டு மாசம். அந்த வார்த்தை போதும்.

மீன்சுருட்டிப் பக்கம் இரண்டு சாவுக்குக் கூட்டிப் போனேன். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டும் கிழங்கள். திருப்தியில்லை. “பழக்கத்துக்கு அழுகிறார்கள்” என்றார்.

அதற்கடுத்த வாரம் சுரங்கத்தில் கல் சரிந்து கலியபெருமாள் மாமா செத்துப்போனார்.

டிப்பர் லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி. அக்கா ஓடிவந்து விழுந்தாள். நான் சாமியானாவுக்கும் பறைக்கும் ஆள் அனுப்பிவிட்டுத் திரும்பினால், டிஸ்பென்சரி ஜீப்பிலிருந்து டன்லி இறங்குகிறார். மதர் மருந்து வாங்கத் திருச்சி போயிருந்தார். டன்லி என் தோளில் கை வைத்தார். இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன். என் கையில் மைக்கைக் கொடுத்தார்.

“பெண்களுக்கு நடுவில் நான் போக முடியாது. நீ போகலாம்.”

நான் போனேன். மாமன் பிணத்துக்குத் தலைமாட்டில் நின்று, அழுகிற அக்காவின் வாய்க்கு நேராக மைக்கைப் பிடித்தேன். யாரோ சொன்னது காதில் விழுந்தது: “மச்சான் பொணத்துக்கு மைக்கு புடிக்கிறான் பாரு.” வளர்மதி இடுப்பில் பிள்ளையோடு நின்று என்னையே பார்த்தாள்.

டேப்பை மறுநாள் போட்டுக் கேட்டார். முழுக்கப் பறைச் சத்தம். அக்காவின் குரல் எங்கோ அடியில் கிடந்தது. டேப் ரெக்கார்டரை மேசையில் ஓங்கி வைத்தார்.

4

மூன்றாம் நாள் காலை, புதைத்த இடத்தில் பால் தெளித்துவிட்டு வந்தோம். மத்தியானம் டன்லி என்னைக் கூப்பிட்டார்.

“உன் அக்காவை இங்கே வரச் சொல். தனியாக. பறை வேண்டாம், வேறு பெண்கள் வேண்டாம். முதலிலிருந்து ஒரு தடவை அழட்டும்.”

“சார், அவள் துக்கத்தில் இருக்கிறாள்.”

“அதனால்தான் கேட்கிறேன். ஒரு மாசம் கழித்து வருமா?”

நான் போய்க் கூட்டி வந்தேன். மதர் திருச்சியிலிருந்து வந்துவிட்டார், ஏதோ விசாரிக்கக் கூப்பிடுகிறார் என்று பொய் சொல்லித்தான் கூட்டி வந்தேன். மருந்து அறையின் ஜன்னல்களைச் சாத்தி, போர்வை தொங்கவிட்டு, டன்லி தயாராக உட்கார்ந்திருந்தார். அக்கா உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள்.

“மதர் எங்கடா?”

“இவருதான்க்கா கூப்புட்டாரு. அன்னைக்கு அழுத மாதிரியே ஒரு தடவ அழுவணுமாம். பதிவு பண்ணிக்கிறாராம்.”

அவளுக்கு விளங்கவில்லை. நான் திரும்பச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

“பொணம் எங்கடா?” என்றாள்.

நான் டன்லியைப் பார்த்தேன்.

“பொணம் இல்லாம எப்புடிடா அழுவறது? செவுத்தப் பாத்தா அழுவ முடியும்?”

டன்லி என்னவென்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். நோயாளிகளைப் படுக்க வைக்கும் கோரைப்பாய் சுருட்டி மூலையில் நின்றது. அதை அவரே எடுத்து விரித்தார்.

“நீ படு.”

இந்த இடத்தில், ‘எனக்கு வேறு வழியில்லை’ என்று எழுதலாம். பொய். கதவு திறந்துதான் இருந்தது. அக்கா கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கலாம். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்தேன். கையைச் சேர்த்து மார்மேல் வைத்துக்கொண்டேன். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

“எந்திரிடா தம்பி,” என்றாள் அக்கா. “வேணாம்டா. ஒன்னக் கையெடுத்துக் கும்புடறேன், எந்திரிடா.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். டேப் சுழலும் சத்தம் கேட்டது.

வெகுநேரம் அவள் நின்றாள். பிறகு தலைமாட்டில் வந்து உட்காரும் அரவம். ஆரம்பித்தாள்.

வெள்ளக் கல்லு வெட்டப் போயி – மாமா
வெள்ளச் சீல போத்தி வந்தீங்களே

புருஷனுக்குத்தான் அழுதாள். மாரில் அடித்துக்கொள்ளும் சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. மாமாவின் கை, மாமாவின் தூக்குச்சட்டி, ஈரமாகக் கொடியில் காயும் மாமாவின் வேட்டி எல்லாம் வந்தன. போகப் போகக் குரல் மாறியது. அவள் கை என் நெற்றியில் பட்டது.

ஒரு வயித்துப் புள்ளையின்னு
ஒன்ன நம்பி இருந்தேனே
ஊரு தாண்டிப் போறதுக்கோ
உசுரோட நீ படுத்த – தம்பி
உசுரோட நீ படுத்த

டப்ளின் பற்றி நான் அவளிடம் சொன்னதேயில்லை. வளர்மதியிடம் சொல்லியிருந்தேன், அவள் சொல்லியிருப்பாள். அந்தக் கடைசி வரியில் அக்காவின் தொண்டை உடைந்தது. நான் அசையாமல் கிடந்தேன். அசைந்தால் டேப் கெட்டுவிடும் என்று நினைத்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

முடிந்ததும் எழுந்து பார்த்தேன். டன்லி முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

“இவருக்கு யாருடா செத்தா?”

“அவங்கம்மாக்கா.”

“எப்போ?”

“அம்பது வருசத்துக்கு மேல இருக்கும்.”

“அதுக்கு நீ ஏன்டா படுத்த?” என்று கேட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

5

பாஸ்போர்ட் வாங்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் மெட்ராசுக்குமாக அலைந்தேன். ஒரு விண்ணப்பத்தில் அப்பா பெயர் மருதை, இன்னொன்றில் மருதன், பள்ளிச் சான்றிதழில் மருதமுத்து. மூவரும் ஒரே ஆள்தான் என்று கையெழுத்து வாங்க மூன்று ஆபீஸ். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் அக்கா வீட்டில் விசாரித்திருக்கிறார். “தங்கராசுன்னு ஒரு தம்பி இருக்கானாம்மா?” என்று கேட்டதற்கு, “இருந்தான்” என்று சொல்லியிருக்கிறாள். போலீஸ்காரர் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டு எழுதிக்கொண்டதாக என்னிடம் சொன்னார்.

கிளம்புகிற அன்று அக்கா வீட்டுக்குப் போனேன். “போயிட்டு வரேன்க்கா.”

அவள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை. “ஒனக்கு அழுது முடிச்சாச்சு தம்பி. போ.”

டப்ளினில் இறங்கியதும் வெளிநாட்டவர் பதிவு ஆபீசில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை என்று விளக்கினேன். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, படிவத்தில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார். அன்றிலிருந்து நான் மிஸ்டர் மருதை. எங்கப்பாவை ஊரில் யாரும் ‘டேய்’ போடாமல் கூப்பிட்டதில்லை. இங்கே பால்காரனிலிருந்து எல்லாரும் அவருக்கு மிஸ்டர் போடுகிறார்கள்.

டன்லி வீட்டு மாடியில் ஒரு மேசை. காலையில் அவருக்குத் தேநீர், பிறகு படியெடுப்பு. ஐந்து கோட்டுக்குள் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டேன். வராத இங்கிலீஷால் பட்டதும் உண்டு. ஒரு தடவை, விருந்தாளி வந்திருந்தபோது, “சார் மேலே போய்விட்டார்” என்று சொல்ல நினைத்து, சார் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பொருள்படச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டன்லி அந்தக் கதையை எல்லா விருந்திலும் சொல்வார். நானும் கூட நின்று சிரிக்க வேண்டும்.

அங்கே நான் முதலில் படியெடுத்தது ‘மூன்றாம் நாள்’. பன்னிரண்டு தந்தி வாத்தியங்கள், நடுவில் டேப்பில் அக்காவின் குரல். ‘உசுரோட நீ படுத்த’ என்று அவள் உடைகிற இடத்தில் பன்னிரண்டும் சேர்ந்து மேலே ஏறும். ஒரு சொல் புரியாமல், எந்த இடம் என்று அவர் சரியாகப் பிடித்திருந்தார். அதை எந்த நாளும் மறுக்க மாட்டேன். அவர் பெரிய இசைக்காரர்தான்.

முதல் அரங்கேற்றத்தில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நிகழ்ச்சித் தாளில் ‘குரல்: தென்னிந்திய கிராமத்து விதவை ஒருத்தி’ என்று போட்டிருந்தது. ‘மூன்றாம் நாள்’ என்பது ஏசு உயிர்த்தெழுந்த நாள் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் மறுக்கவில்லை.

“சார், அக்கா பெயர் உங்களுக்குத் தெரியும். அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள்.”

“தெரியும்,” என்றார். “பெயர் போட்டால் அது ஒரு பெண்ணின் கஷ்டம். போடாவிட்டால் எல்லாருடைய துக்கம்.”

நான் அடுத்த தாளை எடுத்துப் படியெடுக்கத் தொடங்கினேன்.

6

வளர்மதியும் மகளும் வந்து சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். அக்கா எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தாள். கையெல்லாம் கரும்புச் சோகை கீறின கோடு. அவளுக்காக ஒரு கம்பளிச் சால்வை வாங்கிப் போயிருந்தேன். வாங்கி, மடிப்புப் பிரிக்காமல் வைத்தாள்.

சோறு பொங்கினாள். குழம்பு வைத்தாள். எனக்குப் பிடித்த கருவாடும். வெளியே வந்து, கூரைத் தாழ்வாரத்துக்கு அப்பால், குட்டிச்சுவரின் மேல் இலையைப் போட்டு எல்லாவற்றையும் பரிமாறினாள். படையல் வைப்பது மாதிரி, காக்கைக்கு வைப்பது மாதிரி.

“எடுத்துக்க,” என்றாள்.

“என்னாக்கா இது?”

“செத்தவனுக்கு வூட்டுக்குள்ள எல போடக்கூடாது. பசியோட அனுப்பவும் கூடாது. எடுத்துக்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அவள் முகத்தில் ஒரு வன்மமும் இல்லை. அதனால்தான் என்னால் சண்டை போட முடியவில்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்க, குட்டிச்சுவர் முன்னால் நின்றபடி சாப்பிட்டேன். முழுசும் சாப்பிட்டேன். அவள் இலையை எடுத்து எறிந்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

7

நாலு வருஷம் கழித்துத் தந்தி வந்தது. பாக்கியம் சீரியஸ் என்று. பின்னாலேயே இரண்டாவது தந்தி, இறந்துவிட்டதாக.

பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருக்கிறது, வர முடியவில்லை என்று ஊரில் எல்லாருக்கும் எழுதினேன். இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கலாம். கிழித்துப் போடுங்கள். பாஸ்போர்ட் என் மேசை டிராயரில் இருந்தது.

தந்தியை டன்லியிடம்தான் முதலில் காட்டினேன். அந்த வாரக் கடைசியில் கார்க் நகரில் ‘மூன்றாம் நாள்’ வைத்திருந்தார்கள். வாத்தியக்காரர்களுக்கு வேண்டிய தாள்களில் பாதிக்கு மேல் நான் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

அவர் தந்தியை இரண்டு தடவை படித்தார். “வருத்தமாயிருக்கிறது,” என்றார். பிறகு சொன்னார்: “யோசித்துப் பார். நீ அங்கே போய்ச் சேரும்போது அவள் இருக்க மாட்டாள். இங்கே ஞாயிற்றுக்கிழமை பாடப் போகிறாள்.”

நான் கார்க்குக்குப் போனேன். அரங்கத்தின் பக்கவாட்டில் டேப்பை ஓட்டுகிறவனுக்குச் சைகை காட்டுகிற வேலை எனக்கு. சரியான இடத்தில் சைகை காட்டினேன். அக்கா என்னை அழுதாள். அவளுக்கு நான் அழவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, இன்று வரைக்கும். முயற்சி செய்து பார்த்திருக்கிறேன், வரவில்லை.

8

டன்லி புற்றுநோயில் போனார். கடைசி மாதங்களில் நான்தான் குளிப்பாட்டுவேன், சவரம் செய்வேன். உடம்பு குச்சியாகிவிட்டது. வாய் மட்டும் குறையவில்லை. நான் வைக்கும் கஞ்சியைப் பார்த்து, “இதைச் சாப்பிட்டுத்தான் உங்கள் ஊரில் அப்படி அழுகிறீர்களா?” என்பார்.

பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அந்த வரிகளின் அர்த்தம் கேட்டதில்லை. பேட்டியில் யாராவது கேட்டால், அர்த்தம் தெரிந்தால் காது மூடிக்கொள்ளும் என்று சொல்வார். அதனால் நானாகவே ஆரம்பித்தேன். சொல்லி வலிக்க வைக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன், மறைப்பதற்கில்லை.

“சார், ‘மூன்றாம் நாள்’ல என் அக்கா கடைசியில் என்ன சொல்கிறாள் தெரியுமா?”

அவர் கையைத் தூக்கி என் வாய் மேல் வைத்தார். எலும்புக் கையில் அவ்வளவு பலம் இருந்தது.

“அவள் என் அம்மாவுக்கு அழுகிறாள்,” என்றார். “அதை நீ எடுத்துவிடாதே.”

நான் சவரக் கத்தியைக் கழுவினேன். இரண்டு வாரத்தில் செத்துப்போனார். சவப்பெட்டியைச் சுற்றி எல்லாரும் வாய்க்குள் ஜெபம் சொன்னார்கள். வாய்விட்டு யாரும் அழவில்லை, நான் உட்பட.

9

மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாளில் யாரோ காதால் கேட்டு இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார்கள். அவள் அதைப் பார்த்து, “வெல்லக் கல்லு வெட்டப் போயி” என்றாள்.

“வெல்லம் இல்லம்மா, வெள்ளை. நாக்க மேல மடக்கு. வெள்ள.”

“வெல்ல.”

“மாமா செத்தது சுண்ணாம்புக் கல்லுல. வெல்லத்துல இல்ல.”

“யார் மாமா?”

“அந்தம்மாவோட புருசன்.”

தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டாள். நல்ல குரல் அவளுக்கு. டேப்பைப் போட்டுக் கேட்டுக் கேட்டு, எங்கே மூச்சு வாங்குவது, எங்கே உடைவது எல்லாம் அப்படியே பிடித்துவிட்டாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிகளுக்கு வந்தோம்.

“டாடி, தம்பின்னா யங்கர் பிரதர்தானே?”

“ஆமா.”

“இந்தம்மா விதவைன்னு போட்டிருக்கு. புருசனுக்குத்தானே அழணும்? தம்பி எங்கேருந்து வந்தான்?”

இத்தனை வருஷத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் அவள். அடுப்படியிலிருந்து வளர்மதி வந்து நிலைப்படியில் நின்றாள்.

“வேணாங்க,” என்றாள். “சொல்லாதீங்க. புள்ள பாடவும் வேணாம்.”

“அவ ஆசப்படறா.”

“அண்ணி ஒங்களத்தான் அழுதாங்க. அத எம்புள்ள வாயால இன்னொரு தடவ கேக்கணுமா ஒங்களுக்கு? பெத்த அப்பனுக்கு உசுரோட ஒப்பாரி வைக்கிற புள்ள எந்த ஊர்லயாச்சும் உண்டா?”

மாலிக்குப் பாதிதான் புரிந்தது. “அம்மா ஏன் கத்துறாங்க?” என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டாள். நான் சொன்னேன். மருந்து அறை, பாய், நான் படுத்தது, அக்கா எந்திரிக்கச் சொன்னது, எல்லாம். நான் ஊருக்குப் போனபோது இலை எங்கே போட்டாள் என்பதையும் சொன்னேன். கார்க்குக்குப் போனதையும் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னதால் சுலபமாக இருந்தது. வேறு யாருக்கோ நடந்தது மாதிரி வந்தது.

அவள் பெரிய கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

“டாடி! இது எவ்வளவு அருமையான விஷயம்! அது நீங்களா? டேப்புல இருக்கிற பிணம் நீங்களா?” என்றாள். “இதை நிகழ்ச்சித் தாளில் போடச் சொல்லவா? மிஸ் சந்தோஷத்தில் செத்தே போவாங்க.”

வளர்மதி உள்ளே போய்விட்டாள். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள், கெட்ட பிள்ளை இல்லை.

“சரி, போடச் சொல்லு,” என்றேன்.

10

நிகழ்ச்சி சனிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட ஹாலில். வளர்மதி வரவில்லை. ஆஸ்பத்திரி சமையல்கூடத்தில் வேறொருத்தியின் ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நிகழ்ச்சித் தாளை விரித்தேன். டன்லியின் வாழ்க்கை ஒரு பக்கம்: துணிக்கடை, லண்டன், வறண்ட ஒன்பது வருஷம், இந்தியப் பயணம். கீழே, ‘பாடுபவர்: மாலி மருதை. இவருடைய தந்தை இந்தப் பதிவின்போது இறந்தவராகப் படுத்திருந்தார்’ என்று. அக்காவை ‘கிராமத்து விதவை ஒருத்தி’ என்றே போட்டிருந்தார்கள். மகள் தன் அத்தையின் பெயரைக் கேட்கவில்லை. அவ்வளவும் சொன்ன நானும் அதை மட்டும் சொல்லவில்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

பன்னிரண்டு பிள்ளைகள் வாசித்தார்கள். என் மகள் நடுவில் நின்று பாடினாள். வெள்ளை என்பதை வெள்ளை என்றே சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. கடைசி வரிகளில் என்னை நேராகப் பார்த்து, அக்கா உடைந்த இடத்தில் சரியாக உடைந்தாள். என் பக்கத்தில் இருந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள்.

முடிந்ததும் ஹால் முழுக்கக் கைதட்டல். டீச்சர் மேடைக்கு வந்து மாலியின் கையைத் தூக்கினாள். பிறகு சிரித்த முகத்தோடு என் பக்கம் கையைக் காட்டினாள். எல்லாரும் திரும்பினார்கள். எட்டிப் பார்க்கப் பின்வரிசையில் சிலர் எழுந்தார்கள். கைதட்டல் இன்னும் பெரிதாயிற்று. மேடையிலிருந்து என் மகள், எழுந்திருங்கள் என்று இரண்டு கையாலும் சைகை காட்டினாள்.

நான் எழுந்து நின்றேன். நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன்.